கடல் கடந்த இல்லறமும் நாமே எழுதும் விண்ணப்பமும்

மணம் புரிந்துகொண்ட இருவர் ஒரே இல்லத்தில் கூடி வாழ்வது உலகத்து இயல்பு. அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றே நாம் எண்ணுகிறோம். இருவரும் ஒரு நாட்டின் எல்லைக்குள் இருக்கும்வரை அவ்வெண்ணம் சரியானதே. ஆனால், கணவன் ஒரு நாட்டிலும் மனைவி மற்றொரு நாட்டிலும் இருப்பார்களாயின் நிலைமை வேறாகிவிடுகிறது. அக்கினி சாட்சியாக நடந்த திருமணத்திற்கு அப்போது காகித சாட்சியும் வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதங்களைத் திரட்டி, பிழையின்றி எழுதி, உரிய இடத்தில் சேர்ப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மாணவர்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. நம் வீடுகளில் ஆங்கிலப் படிவம் ஒன்று வந்தால் அது யார் கைக்குப் போகிறது? கல்லூரியில் படிக்கும் தம்பியின் கைக்கோ தங்கையின் கைக்கோதான் போகிறது. மணமான அக்காளின் எதிர்காலம் பதினெட்டு வயதுத் தம்பியின் எழுத்தில் அடங்கியிருக்கும் வீடுகள் பல. ஆதலின் இது பெரியோர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று.

எங்கள் ஊராகிய திருத்தணிகை, முருகப்பெருமான் வள்ளியை மணந்த தலம் என்று புராணம் கூறும். முகூர்த்த நாள்களில் மலைமேலும் அடிவாரத்திலும் மணக்கோலம் நிறைந்திருக்கும். 365 படிகளையும் ஏறி வந்து தாலி கட்டிக்கொண்ட தம்பதிகளில் சிலர், ஒரு மாதத்திற்குள் விமான நிலையத்தில் பிரிகிறார்கள். கணவன் வேலைக்குத் திரும்புகிறான். மனைவி விசாவுக்காகக் காத்திருக்கிறாள். சில வீடுகளில் மனைவி அங்கே இருக்க, கணவன் இங்கே காத்திருப்பதும் உண்டு. இந்தக் காத்திருப்பில் ஒரு பகுதி அரசாங்கத்தின் வரிசையால் வருவது. அதை நம்மால் குறைக்க முடியாது. மற்றொரு பகுதி நம்முடைய எழுத்துப் பிழையாலும் ஆவணக் குறையாலும் வருவது. அதை நாம் குறைக்கலாம்.

திருமணத்திற்குச் சான்று கேட்கும் வழக்கம் நம்மவருக்குப் புதிதன்று. 1913-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். இந்தியாவிலிருந்து தன் கணவரிடம் செல்ல வந்த ஒரு பெண்ணின் வழக்கு அது. பலதார மணத்தை அனுமதிக்கும் சமயமுறைப்படி நடந்த திருமணத்தைக் குடியேற்றச் சட்டம் ஏற்காது என்பது அத்தீர்ப்பின் சாரம். இதனால் அங்கிருந்த இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் சட்டத்தின் பார்வையில் மனைவியர் அல்லர் என்ற நிலை தோன்றிற்று. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் பெருமளவில் சேர்ந்து சிறை சென்றதற்கு இத்தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம். அவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தாள். அப்போது அவளுக்கு வயது 16. அதே ஆண்டில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம், ஒருவனுக்கு ஒருத்தி என்ற முறையில் அமைந்த இந்தியத் திருமணங்களை ஏற்றுக்கொண்டு, அவற்றைப் பதிவு செய்யவும் வழி வகுத்தது. ‘மனைவி’ என்ற ஒரு சொல்லைச் சட்டப் புத்தகத்தில் எழுதுவிக்க நம்மவர் கொடுத்த விலை அது. இன்று அந்தச் சொல்லைப் பெறச் சிறை செல்ல வேண்டியதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்திற்குச் சென்றால் போதும். இருந்தும் பலர் செல்வதில்லை.

வாழ்க்கைத்துணை விசாவுக்கு வழக்கறிஞர் இன்றியமையாதவரா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய எந்த நாட்டிலும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. படிவங்களும் அவற்றை நிரப்பும் குறிப்புகளும் அந்தந்த அரசாங்கத்தின் இணையதளத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. தம்பதியர் தாமே எழுதி அனுப்பலாம். இருப்பினும் மக்கள் அஞ்சுகிறார்கள். படிவத்தின் நீளமும் சட்டச் சொற்களும் அச்சத்தை விளைவிக்கின்றன. அச்சத்தைப் போக்கும் வழி ஒன்றே: படிவம் எதற்காகக் கேட்கிறது என்பதை அறிந்துகொள்வது.

எந்த நாட்டுப் படிவமாயினும், அதன் நூறு கேள்விகளும் ஐந்து கேள்விகளுக்குள் அடங்கிவிடும். முதலாவது, நீ யார்? இரண்டாவது, உங்கள் திருமணம் சட்டப்படி செல்லுமா? மூன்றாவது, அது மெய்யான இல்லறமா, விசாவுக்காகச் செய்த ஏற்பாடா? நான்காவது, நீ வந்தால் உன்னைக் காப்பவர் யார்? ஐந்தாவது, உன் நடத்தையிலும் உடல்நலத்திலும் பிறருக்குத் தீங்கு தரக்கூடியது ஏதேனும் உண்டா? நாம் அனுப்பும் ஒவ்வொரு காகிதமும் இவ்வைந்தில் ஒன்றுக்கு விடையாக இருக்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் விடையாகாத காகிதத்தை அனுப்ப வேண்டியதில்லை. விடையில்லாத கேள்வி ஒன்று நின்றாலும் கோவை முழுமை பெறாது.

முதற் கேள்வியாகிய ‘நீ யார்’ என்பது எளிதாகத் தோன்றும். நம் நாட்டில் மிகுதியான தொல்லை விளைவிப்பது அதுவே. தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்துக்கு இடமில்லை. அதை விரித்து எழுத வேண்டும். அங்கே தன் பெயர், குடும்பப் பெயர் என்று இரு கட்டங்கள் உள்ளன. குடும்பப் பெயருக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் என்ன நேர்கிறது தெரியுமா? தன் பெயரே குடும்பப் பெயராக எழுதப்பட்டு, தன் பெயருக்குரிய இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகள் அச்சிடப்படுகின்றன. பெற்றோர் ஆசையாக இட்ட பெயர் ‘தெரியாத பெயர்’ ஆகிவிடுகிறது! அங்கே சென்ற பின்னர் வங்கியிலும் வாகன உரிமத்திலும் அந்த எழுத்துகள் பின்தொடர்ந்து வருவதும் உண்டு. எனவே விண்ணப்பத்திற்கு முன்பே பாஸ்போர்ட்டில் இரு கட்டங்களும் நிரம்பியிருக்குமாறு செய்துகொள்வது நலம்.

எங்கள் எல்லைப் பகுதியில் வேறொரு சிக்கலும் உண்டு. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் உள்ளவை. திருத்தணியிலிருந்து தொலைவில் இல்லாதவை. இரு பக்கத்தாரும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். தெலுங்கர் வழக்கப்படி வீட்டுப் பெயர் முன்னே வரும், தன் பெயர் பின்னே வரும். தமிழர் வழக்கில் முன்னே வருவது தந்தை பெயரின் எழுத்து. ஒரே தம்பதியின் இரண்டு பாஸ்போர்ட்டுகளிலும் பெயரின் வரிசை இரண்டு விதமாக இருக்கும். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால், எந்தக் கட்டத்தில் எதை எழுதியிருக்கிறதோ அதையே எல்லாப் படிவங்களிலும் எழுத வேண்டும். திருமணமான பெண் கணவன் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் மாணவிகள் அறிந்துகொள்க.

ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டும் இத்தகையதே. திருத்தணி என்பதில் வரும் தகர ஒலியை ஆங்கிலத்தில் ஒருவர் ‘டி’ என்ற ஓரெழுத்தால் எழுதுகிறார். மற்றொருவர் ‘டி’யோடு ‘எச்’ சேர்த்து எழுதுகிறார். 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசாங்கத்திற்கே எளிதில் தீராத சிக்கல் இது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டையே எங்கும் பின்பற்றுவது பாதுகாப்பான வழி.

முதியோர் ஆவணங்களைப் பார்க்கும்போது வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். திருத்தணி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள்தான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. ஆகவே, 1950-களில் இங்கே பிறந்த ஒருவரின் பழைய சான்றில் சித்தூர் மாவட்டம் என்றும், இன்றைய பாஸ்போர்ட்டில் திருவள்ளூர் மாவட்டம் என்றும் இருந்தால் இரண்டும் மெய்யே. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, எல்லைதான் நகர்ந்தது. இதை நான்கு வரியில் விளக்கி ஒரு குறிப்பு இணைத்துவிட்டால், வெளிநாட்டு அதிகாரிக்கு ஐயம் எழாது. பழைய சான்று தெலுங்கில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். மொழிபெயர்த்தவர், ‘நான் இவ்விரு மொழிகளையும் அறிந்தவன், இம்மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது’ என்று எழுதி, பெயர், முகவரி, நாள் ஆகியவற்றோடு கையெழுத்திட வேண்டும். அமெரிக்க விதி கேட்பது இவ்வளவே. தம்பதியர்க்கு உறவல்லாத ஆசிரியர் ஒருவர் இதைச் செய்து தருவது சிறப்பு.

பிறப்புச் சான்றிதழே இல்லாதவர் என்ன செய்வது? பதிவு அலுவலகத்தில் தேடச் செய்து, பதிவு இல்லை என்பதற்கு ஒரு சான்று பெற வேண்டும். அதனுடன் பள்ளி மாற்றுச் சான்றிதழும், பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினரின் பிரமாணப் பத்திரமும் இணைக்க வேண்டும். ‘இல்லை’ என்று நாமே எழுதுவது விடையாகாது. இல்லை என்பதற்கும் ஓர் ஆவணம் வேண்டும்.

இரண்டாவது கேள்வி, திருமணம் சட்டப்படி செல்லுமா என்பது. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் சீமா என்பாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாச் சமயத்தாரின் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று மாநிலங்களைப் பணித்தது. அதன் பின்னர்த் தமிழ்நாட்டில் திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இல் வந்தது. திருமணம் நடந்த 90 நாள்களுக்குள், உரிய சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அது தவறினால் மேலும் 60 நாள்களுக்குள் கூடுதல் கட்டணத்துடன் பதியலாம். திருமண அழைப்பிதழ், வயதுக்கும் முகவரிக்கும் சான்றுகள், புகைப்படங்கள், சாட்சிகள் ஆகியவை தேவைப்படும். கோயிலில் மணந்தவர்கள் கோயில் கொடுத்த இரசீதைப் பத்திரப்படுத்துக. ஆந்திரப் பக்கத்தில் திருமணம் நடந்திருந்தால் அங்கே 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிய வேண்டும். வேறு வேறு சமயத்தவர் மணந்துகொள்ள 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் திருமணத்திற்கு முன் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. விடுமுறையில் மூன்று வாரம் மட்டும் வந்து திரும்புவோர் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்.

சில நாடுகள் நம் சான்றிதழின்மீது ‘அப்போஸ்டில்’ என்னும் முத்திரையைக் கேட்கும். 1961-ஆம் ஆண்டில் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை இது. இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. மாநில அரசின் சான்றுறுதி முதலில். மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை பின்னர். உடன்படிக்கையில் சேராத நாடாயின் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். கேட்காத நாட்டிற்கு இதைச் செய்து பணத்தை வீணாக்க வேண்டா. அந்நாட்டின் ஆவணப் பட்டியலைப் படித்துவிட்டு முடிவு செய்க.

மூன்றாவது கேள்வியே எல்லாவற்றிலும் நுண்ணியது. இல்லறம் மெய்யானதா என்பதை அந்நிய நாட்டு அதிகாரி எப்படி அறிவார்? அவர் நம் இல்லத்திற்கு வருவதில்லை, காகிதங்களையே பார்க்கிறார். நிச்சயதார்த்தம் முதல் திருமணம்வரை இரு குடும்பத்தாரும் காணப்படும் புகைப்படங்கள், ஒருவரையொருவர் காணச் சென்ற பயணச் சீட்டுகள், கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டில் வாரிசாகக் குறித்த பத்திரம், பேசிக்கொண்டதன் பதிவுகள் ஆகியவை அவருக்குச் சான்றாகும். புகைப்படங்கள் 200 அனுப்புவதைவிட, நாளும் இடமும் உடனிருப்போர் பெயரும் எழுதிய 20 படங்கள் மேலானவை. கணவன் மனைவியர் பேசிய அந்தரங்க வார்த்தைகளை அப்படியே அச்சிட்டு அனுப்ப வேண்டியதில்லை; தொடர்ந்து பேசினார்கள் என்பதைக் காட்டும் பக்கங்கள் போதும்.

பெற்றோர் பார்த்து முடித்த திருமணங்களில் இங்கே ஒரு தயக்கம் தோன்றும். ‘நாங்கள் திருமணத்திற்கு முன் இரண்டு முறைதான் பார்த்துக்கொண்டோம், நம்புவார்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளதை உள்ளவாறே எழுதுக என்பதுதான் விடை. பெண் பார்த்த நாள், இடம், இடையில் நின்ற உறவினர், நிச்சயித்த நாள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதினால் நம் நாட்டு வழக்கம் விளங்கும். காதல் திருமணம்போல் தோன்ற வேண்டும் என்று கதை புனைவோர், நேர்காணலில் கணவன் ஒன்றும் மனைவி வேறொன்றும் கூறி அகப்பட்டுக்கொள்கிறார்கள். பொய்த் திருமணத்திற்கு அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. அத்தகைய திருமணம் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், பின்னர் மெய்யாகவே மணந்தாலும் அவருக்கான குடியேற்ற மனு ஏற்கப்படாது.

நான்காவது கேள்வி பொருளாதாரம். அமெரிக்காவில் இருக்கும் துணைவர் ‘ஐ-864’ என்னும் படிவத்தில், வருபவரைத் தாம் காப்பதாக ஒப்பந்தம் செய்கிறார். அவருடைய வருமானம் அரசாங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் வறுமைக் கோட்டில் 125 விழுக்காடு இருக்க வேண்டும். மாணவர்களே, கணக்கைப் பாருங்கள்: 2024-இல் இருவர் கொண்ட குடும்பத்திற்கு அக்கோடு 20,440 டாலர், அதில் 125 விழுக்காடு 25,550 டாலர். வருமானம் குறைவாயின் வேறொருவர் கூட்டுப் பொறுப்பாளராகச் சேரலாம். இந்த ஒப்பந்தம் விவாகரத்தால் முடிந்துவிடுவதில்லை என்பதைக் கையெழுத்திடுபவர் அறிய வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்போர்க்கு ஆண்டு வருமான வரம்பு 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் அது 18,600 பவுனாக இருந்தது. அங்கே செல்பவர் தொடக்கநிலை ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

ஐந்தாவது கேள்விக்குக் காவல்துறைச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் விடையாகும். காவல்துறைச் சான்றை நம் நாட்டில் பாஸ்போர்ட் அலுவலகத்தின் வழியாகவே பெறலாம். மருத்துவப் பரிசோதனையை அந்நாடு நியமித்த மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். குடும்ப மருத்துவரின் சான்று செல்லாது.

இனி, காகிதங்கள் செல்லும் பாதையைப் பார்ப்போம். அமெரிக்கக் குடிமகன் ஒருவர் திருத்தணியில் இருக்கும் மனைவியை அழைப்பதாகக் கொள்வோம். முதலில் அவர் ‘ஐ-130’ மனுவையும், மனைவியைப் பற்றிய ‘ஐ-130ஏ’ படிவத்தையும் அந்நாட்டுக் குடியேற்றத் துறைக்கு அனுப்புகிறார். மனு ஏற்கப்பட்டதும் அது தேசிய விசா மையத்திற்குச் செல்கிறது. அங்கே கட்டணம் செலுத்தி, ‘டி.எஸ்.-260’ என்னும் விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டும். எல்லாம் சரியாயின் மருத்துவப் பரிசோதனையும், மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலும் நடைபெறும். சென்னையிலும் துணைத் தூதரகம் உண்டு. ஆயினும் குடியேற்ற விசாவின் நேர்காணல் மும்பையில்தான். 2024 ஏப்ரலில் இருந்த நிலைப்படி மனுவை இணையத்தில் செலுத்த 625 டாலர், விசா விண்ணப்பத்திற்கு 325 டாலர், பொறுப்பு ஒப்பந்தத்திற்கு 120 டாலர், விசா பெற்ற பின் 235 டாலர். ஆக 1,305 டாலர். கட்டணங்கள் மாறக்கூடியவை, செலுத்தும் நாளில் அரசாங்க இணையதளத்தைப் பார்த்துக்கொள்க.

ஒரு காலத்தில் இந்தப் பாதையே இல்லை. 1946-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்க்கு ஆண்டுக்கு 100 இடங்களையே ஒதுக்கியது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் தேசவாரியான அந்தப் பழைய ஒதுக்கீட்டு முறையை நீக்கியது. இன்று அமெரிக்கக் குடிமக்களின் வாழ்க்கைத்துணைவர்க்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. நிரந்தரக் குடியிருப்பு உரிமை மட்டும் பெற்றவரின் துணைவர்க்கு வரம்பு உண்டு. ஆதலின் அவர்கள் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையுமுன் அங்கே நுழைபவருக்கு முதலில் கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனை உரிமை. அது முடிவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் ‘ஐ-751’ மனுவால் நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். விசா கிடைத்த மகிழ்ச்சியில் இந்த நாளை மறப்பவர்கள் உண்டு. நாட்குறிப்பில் அன்றே எழுதி வைக்க வேண்டும்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். அவள் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதார் அட்டையில் மற்றொரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இடைத்தரகர் ஒருவர் சொன்னார். அவள் என்னிடம் கேட்டபோது, ‘விளக்கம் எழுதுவதைவிடத் திருத்துவது மேல், முந்திய ஆவணத்திலிருந்து திருத்திக்கொண்டு வா’ என்றேன். பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயரையே அவள் மூலமாகக் கொண்டாள். ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் அதற்கேற்பத் திருத்தினாள். அதன் பின்னரே திருமணத்தைப் பதிவு செய்தாள். இவ்வளவுக்கும் நான்கு மாதங்கள் சென்றன. கணவன் வீட்டார் பொறுமையிழந்தனர். அவளும் சில நாள் அழுதாள். ஆனால், மனு சென்ற பின் அவளிடம் கூடுதல் சான்று கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை. பெயரையே மாற்றிக்கொள்ள விரும்புவோர் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிடச் செய்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குறிப்பேட்டில் ஐந்து கேள்விகளையும் ஐந்து தலைப்பாக எழுதுக. ஒவ்வொன்றின் கீழும் ஆவணத்தின் பெயர், பெற்ற நாள், காலாவதியாகும் நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். படிவத்தை முதலில் நகலில் நிரப்பி, மறுநாள் வேறொருவரை உரக்கப் படிக்கச் செய்து, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை தெரியாது என்பது எந்த ஆசிரியரும் அறிந்த உண்மை. நம் நாட்டில் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்கப் படிவம் மாதத்தை முதலில் கேட்கும். மே 6 என்பது ஜூன் 5 ஆகிவிட்டால் பிறந்தநாளே மாறிவிடும். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். மூலச் சான்றிதழ்களைக் கேட்டாலன்றி அனுப்பலாகாது.

அப்படியானால் வழக்கறிஞர் யாருக்கும் வேண்டியதில்லையா? அப்படியன்று. முன்பு விசா மறுக்கப்பட்டவர், அனுமதிக் காலத்திற்கு மேல் அந்நாட்டில் தங்கியவர், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர், முந்திய திருமணத்தின் விவாகரத்து முறையாக முடியாதவர் ஆகியோர் தகுதியுள்ள வழக்கறிஞரை நாடியே தீர வேண்டும். சிறு காயத்திற்கு வீட்டில் மருந்திடலாம். எலும்பு முறிவிற்கு மருத்துவமனைதான். ஆனால், ‘எனக்குத் தூதரகத்தில் ஆள் இருக்கிறது’ என்று சொல்லும் இடைத்தரகர் வழக்கறிஞர் அல்லர். அவர் எழுதிய பொய்க்கும் கையெழுத்திட்டவரே பொறுப்பு. படித்துப் பார்க்காத படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் இடாதீர்கள்.

மாணவிகளுக்குத் தனியே ஒரு சொல். இந்தக் காகிதங்கள் கணவன் வீட்டார் பார்த்துக்கொள்ளும் காரியம் என்று விட்டுவிட வேண்டா. திருமணத்தைப் பதிவு செய்யாமல் சென்று, பின்னர்த் திரும்பி வராத வெளிநாட்டு மணமகன்களால் துன்புற்ற பெண்கள் பலர். வெளிநாட்டு இந்தியர் திருமணங்களை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. அது சட்டமாக நிறைவேறவில்லை. சட்ட ஆணையமும் 2024 பிப்ரவரியில் தன் 287-ஆவது அறிக்கையில் இப்பொருளை ஆராய்ந்து பரிந்துரைகள் செய்தது. சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உன் திருமணச் சான்றிதழின் பிரதி உன்னிடம் இருக்கட்டும். உன் பாஸ்போர்ட் உன் கையில் இருக்கட்டும். கணவன் அனுப்பும் மனுவின் முழுப் பிரதியையும் கேட்டுப் படி. அதில் அவர் வேலை, வருமானம், முந்திய திருமணம் ஆகிய யாவும் எழுதப்பட்டிருக்கும். உனக்குச் சொன்னதும் அரசாங்கத்திற்குச் சொன்னதும் ஒன்றா என்று ஒத்துப் பார்க்க அதைவிடச் சிறந்த வாய்ப்பு இல்லை. அங்கே கொடுமைக்கு உள்ளானால், கணவனின் துணையின்றித் தானே மனுச் செய்துகொள்ள அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

பள்ளியில் நாம் விண்ணப்பம் எழுதக் கற்றோம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதி மதிப்பெண் பெற்றோம். அந்தப் பாடம் தேர்வோடு முடிந்துவிடுவதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லுதல், உள்ளதைச் சொல்லுதல், சொன்னதற்குச் சான்று காட்டுதல், ஒரே எழுத்துக்கூட்டை எங்கும் பின்பற்றுதல் ஆகிய இந்நான்கும் கைவந்தவர்கள் எந்த நாட்டு அலுவலகத்தின் முன்னும் தலைநிமிர்ந்து நிற்கலாம். உங்கள் வீட்டில் மணமான அக்காளோ அண்ணனோ காத்திருப்பார்களானால், இன்று மாலையே அவர்களுடைய சான்றிதழ்களை மேசைமீது பரப்பி, பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது.